திருகோணமலையிலிருந்து பெர்ஃபியூஷன் மேற்படிப்புக்கு: கடதாசி, காசு, காலம்

திறந்த இதய சத்திரசிகிச்சையின்போது இதயத்தையும் நுரையீரலையும் சில மணி நேரம் ஓய்வில் விட்டு, அவை இரண்டினது வேலையையும் ஓர் இயந்திரம் செய்கிறது. அந்த இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பெர்ஃபியூஷனிஸ்ட். தியேட்டரில், அதாவது சத்திரசிகிச்சைக் கூடத்தில், அந்த இயந்திரத்தைச் சுருக்கமாகப் 'பம்ப்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தப் படிப்பைப் பற்றித் திருகோணமலையில் விசாரித்தால், "ஈ.சி.ஜி. எடுக்கிற வேலையா?" என்றுதான் கேட்பார்கள். டியூஷன் சேருக்குத் தெரியாது. வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் முகவருக்கும் தெரியாது, ஆனால் தெரியும் என்பார். அதனால்தான் அலைச்சல் கூடுகிறது. விஞ்ஞானப் பட்டமோ தாதியியல் போன்ற துணை மருத்துவப் பட்டமோ கையில் வைத்துக்கொண்டு, அடுத்து எங்கே போவது என்று தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. விண்ணப்பத்துக்கு முன் ஒரு கேஸைக் கண்ணால் பாருங்கள்

கேஸ் என்றால் ஒரு திறந்த இதய சத்திரசிகிச்சை. எங்கள் ஊரில் அதைப் பார்க்க வழியில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலை, சிறுவர்களுக்கான லேடி றிஜ்வே, கண்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஆகிய இடங்களில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். பணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், என்ன படிக்கப் போகிறீர்கள், எத்தனை நாள் பார்க்க விரும்புகிறீர்கள் என்பது போதும். படித்த பீடத்தின் கடிதம் அல்லது வேலை செய்யும் இடத்தின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, இரண்டையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு கிழமை கழித்து நேரில் போங்கள். தபாலில் போன கடிதத்தை யாராவது மேசையில் மேலே எடுத்து வைத்தால்தான் அது நகரும்.

அனுமதி கிடைத்தால் காலை கேஸ் தொடங்குவதற்கு முன்பே உள்ளே நில்லுங்கள். பார்க்க வேண்டிய பாதி அப்போதுதான் நடக்கிறது. பம்பின் குழாய்களிலும் இரத்தத் தேக்கியிலும் ஒக்சிஜனேற்றியிலும் திரவம் நிரப்பி, காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியேற்றுவார்கள். கையில் ஒரு கவ்வியை வைத்து வடிகட்டியின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு குமிழி நோயாளியின் மூளைக்குப் போனால் என்னவாகும் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அந்தத் தட்டலின் பொறுமையிலேயே அது விளங்கும்.

அப்புறம் கணக்கு. 60 கிலோ நோயாளிக்கு, கிலோவுக்கு 300 அலகு வீதம் 18,000 அலகு ஹெப்பாரின், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளந்து பார்ப்பார்கள். பல தியேட்டர்களில் அது 480 செக்கனைத் தாண்டினால்தான் பம்புக்குப் போவார்கள். உடல் மேற்பரப்பு 1.6 சதுர மீற்றர், சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு 2.4 லீற்றர் என்றால் ஓட்டம் 3.84 லீற்றர். இந்தப் பெருக்கல் உங்களுக்குத் தண்ணீர்பட்டபாடாக இருக்க வேண்டும், நேர்முகத்தில் கேட்பார்கள். பம்பின் பக்கத்தில் ஒரு கைப்பிடி தொங்கும், அதையும் கவனியுங்கள். மின்சாரமும் பற்றரியும் கைவிட்டால் அதை மாட்டிக் கையால் சுற்றி இரத்தத்தை ஓட்ட வேண்டும், அதுவும் அம்புக்குறி காட்டும் திசையில். கரண்ட் கட்டுக்குப் பழகிய நமக்கு அதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை.

வெளியே வரும்போது, எந்தத் திகதியில் என்ன சத்திரசிகிச்சை பார்த்தீர்கள் என்று ஒரு கையொப்பக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பார்த்த பிறகு இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினாலும் நஷ்டமில்லை, கொழும்புப் பஸ் காசோடு முடிந்தது. மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து ஒரு நிமிடம்கூடக் கண் அசரக் கூடாத வேலை இது. இரவில் அழைத்தால் ஓடிவரவும் வேண்டும்.

2. எங்கே வேலை செய்யப் போகிறீர்கள்? அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பெரும்பாலானவர்கள் 'எங்கே இடம் கிடைக்கும்' என்று தொடங்குகிறார்கள். இந்தத் துறையில் அது சரிவராது. ஒரு நாட்டின் பட்டத்தை மட்டும் வைத்து இன்னொரு நாட்டில் நேரே பம்பில் உட்கார விடமாட்டார்கள்.

அமெரிக்காவில் வேலை செய்ய, அங்குள்ள பெர்ஃபியூஷன் வாரியத்தின் சான்றிதழைத்தான் ஆஸ்பத்திரிகள் எதிர்பார்க்கின்றன. அதற்கு அடிப்படை விஞ்ஞானம், மருத்துவப் பிரயோகம் என இரண்டு பரீட்சைகள். அங்கீகாரம் பெற்ற வட அமெரிக்கப் பாடநெறியில் படித்தவர்தான் அவற்றுக்கு உட்காரலாம். இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நேரே அந்தப் பரீட்சை எழுதலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்கே முதுமாணிப் படிப்புக்கு ஏறக்குறைய இரண்டு வருடம். சிக்காகோவின் ரஷ் பல்கலைக்கழகம், மில்வாக்கி பொறியியல் கல்லூரி, நெப்ராஸ்கா மருத்துவ மையம், சிராகியூஸில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடம் முதலியவை பெயர் பெற்றவை. ஒவ்வொன்றிலும் இடங்கள் சொற்பம். சில இடங்களில் வெளிநாட்டு மாணவரை எடுப்பதே இல்லை. விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

பிரித்தானியாவில் வழி வேறு. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பாடநெறி பயிற்சியோடு இணைந்தது. ஆனால் முதலில் அங்குள்ள ஓர் ஆஸ்பத்திரி உங்களைப் பயிற்சிப் பெர்ஃபியூஷனிஸ்டாக வேலைக்கு எடுக்க வேண்டும். காசு கட்டிச் சேர்கிற படிப்பில்லை அது. அவுஸ்திரேலியாவிலும் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி வேலைதான் வாசல். இங்கிருந்து நேரே அந்த வாசலால் நுழைவது கடினம். உறவினர் இலண்டனில் இருக்கிறார் என்பது இதில் உதவாது.

இந்தியா பக்கத்தில். செலவும் குறைவு, மொழியும் பிரச்சினையில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. எம்.எஸ்சி. பெர்ஃபியூஷனுக்குப் பல நிறுவனங்கள் பி.எஸ்சி. பெர்ஃபியூஷன் பட்டத்தைத்தான் கேட்கின்றன. விலங்கியல் பட்டமோ தாதியியல் பட்டமோ வைத்திருப்பவர் அங்கே தடுக்கி விழுவார். அவருக்குப் பட்டப்பின் டிப்ளோமாதான் வழி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அப்படியொரு டிப்ளோமா உண்டு. வெளிநாட்டவருக்கு அந்த வருடம் இடமிருக்கிறதா என்பதை எழுத்தில் கேளுங்கள். ஏ.எல். மட்டும் முடித்த தம்பி தங்கைகள் இதைப் படித்தால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நான்கு வருடப் பி.எஸ்சி. படிப்பைப் பாருங்கள். கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரிப் பயிற்சி.

வளைகுடா நாடுகளை நினைப்பவர்கள்: உங்கள் சான்றிதழ்களை, அவற்றை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பிறகு ஒரு பரீட்சை. பெரும்பாலும் அனுபவமும் கேட்பார்கள். எனவே இந்தியாவில் படித்து, அங்கேயே கொஞ்சக் காலம் வேலை செய்து, பிறகு போவதுதான் நடைமுறையில் சரிவரும் பாதை என்பது என் கருத்து.

திரும்பி வந்து இலங்கையில் வேலை செய்ய நினைத்தால், பணம் கட்டுமுன் இரண்டு கடிதம் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒன்று: இந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா? சுகாதார அமைச்சுக்கு இன்னொன்று: இந்தத் தகைமைக்கு நியமனமோ பதிவோ உண்டா? தொலைபேசியில் சொல்லும் 'ஓம், பிரச்சினையில்லை' நாளைக்குச் செல்லாது.

3. பாடநெறி உண்மையானதா என்று பிடித்துப் பாருங்கள்

ஒரு முகவர் எனக்கு 'கார்டியாக் டெக்னாலஜி' என்று ஓர் இடத்தைக் காட்டினார். பம்ப் வேலைதான் என்று அடித்துச் சொன்னார். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் எக்கோ (இதய ஸ்கேன்), ஈ.சி.ஜி., கத்லாப் (இதயக் குழாய்ப் பரிசோதனைக் கூடம்). நல்ல படிப்புத்தான், ஆனால் அதை முடித்தவர் பம்பில் உட்கார முடியாது. பெயரில் 'கார்டியாக்' இருப்பதை நம்பி முற்பணம் கட்டாதீர்கள். பாடத்திட்டத்தில் இரத்தச் சுற்றோட்டத்தை உடலுக்கு வெளியே நடத்துவது, இதயத்தை நிறுத்திவைக்கும் கரைசல்கள், உடலைக் குளிரவைத்தல், எக்மோ (இதயம், நுரையீரலின் வேலையை நாட்கணக்கில் தாங்கும் இயந்திரம்) ஆகியவை தனித்தனிப் பாடமாக இருக்க வேண்டும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி முக்கியமாக ஒன்றுதான்: ஒரு மாணவர் படிப்பு முடிக்கும்போது தன் கையால் எத்தனை கேஸ் நடத்தியிருப்பார்? அமெரிக்கப் பாடநெறிகளில் குறைந்தது 75 என்பது விதி. 'பார்த்தது' வேறு, 'நடத்தியது' வேறு. சில இடங்களில் மூன்று மாணவர் ஒரு பம்பைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு மூவரும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். இணைந்த ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு எத்தனை திறந்த இதய சத்திரசிகிச்சை நடக்கிறது, குழந்தைகளுக்கும் நடக்கிறதா, ஒரு தொகுதியில் எத்தனை மாணவர் என்று கேட்டாலே மிச்சம் தெரிந்துவிடும். இப்போது அங்கே படிக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசினால் இன்னும் நல்லது. கட்டடம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

4. பெயர்தான் முதல் ஆவணம்

என் காலத்தை அதிகம் தின்றது இதுதான். நம் பெயர் ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிறப்புச் சான்றிதழில் தர்ஷினி, தகப்பன் பெயர் தனிக் கூட்டில் சிவராசா. ஓ.எல். பெறுபேற்றில் எஸ். தர்ஷினி. கடவுச்சீட்டில் சிவராசா தர்ஷினி. பட்டச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடுதலாக. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். வீசா அதிகாரிக்கு நான்கு ஆட்கள்.

எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் உள்ளதை அடிப்படையாக வையுங்கள். பிழை பல்கலைக்கழகத்தில் என்றால் பதிவாளருக்கு எழுதித் திருத்துவதே நல்லது. திருத்த முடியாதவற்றுக்குச் சட்டத்தரணி மூலம் 'இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும்' என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். இரண்டு மூன்று மூலப் பிரதி கேட்டு வாங்குங்கள், ஒன்று விண்ணப்பத்தோடே போய்விடும்.

கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால், குடும்பப் பெயர், முன்பெயர் என்ற இரண்டு கூட்டையும் யோசித்து நிரப்புங்கள். ஒன்றை வெறுமையாக விட்டால் அமெரிக்க வீசாவில் முன்பெயர் இடத்தில் 'முன்பெயர் தெரியாது' என்ற அர்த்தத்தில் ஆங்கில எழுத்துகள் விழும். பிறகு வங்கிக் கணக்குத் திறப்பதுகூட இழுபறி. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குப் போகாமல் வவுனியா பிராந்திய அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம்.

5. மிச்சக் கடதாசிகள், எடுக்க வேண்டிய வரிசையில்

முதலில் பல்கலைக்கழகப் பெறுபேற்று அறிக்கை. பாடம் பாடமாகப் புள்ளியும் மணித்தியாலமும் இருக்க வேண்டும். முத்திரையிட்ட உறையில் குறைந்தது நான்கு கேளுங்கள். கோணேசபுரி வளாகமானாலும் வந்தாறுமூலையானாலும் யாழ்ப்பாணமானாலும், பதிவாளர் கிளையில் பரீட்சைக் காலத்தில் போய் நின்றால் கதை நடக்காது. அந்தக் காலத்தைத் தவிர்த்துப் போங்கள்.

மூன்று வருடப் பொதுப் பட்டம் வைத்திருப்பவர்கள் கவனம். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனம் அதை நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எடுக்காமல் விடலாம். எந்த மதிப்பீட்டு நிறுவனத்தை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இந்தியாவுக்கு என்றால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்றிதழ் கேட்கக்கூடும். மருத்துவப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு ஒரு தகுதிச் சான்றிதழும் கேட்கும்.

பிறகு ஏ.எல்., ஓ.எல். பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுங்கள். இணையவழியில் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ் பிரதேச செயலகத்தில். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்குங்கள். பழைய சான்றிதழில் எழுத்து மங்கியிருந்தால் மொழிபெயர்ப்பாளரை ஊகிக்க விடாமல் புதுப் பிரதி எடுத்துவிட்டுப் போங்கள். போர்க்காலத்தில் பதிவேடே தொலைந்தவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் இப்போதே தொடங்குங்கள், அது மாதக் கணக்கு.

எல்லாம் சேர்ந்த பிறகே, கடதாசிகள் உண்மையானவை என்று உறுதிப்படுத்தும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சி. அரைகுறையாகக் கொண்டு போனால் இரண்டாம் முறை அலைய வேண்டும். கொழும்புக்கு இராப் பஸ் ஏறுமுன், கிட்ட உள்ள எந்த மாவட்டச் செயலகத்தில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இயங்குகிறது என்று கச்சேரியில் விசாரித்துவிடுங்கள். பொலிஸ் நற்சான்றை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதைக் கடைசியில் எடுங்கள், பழையதானால் ஏற்க மாட்டார்கள்.

அரச சேவையில் உள்ள தாதியருக்கு இன்னொரு வேலை. வெளிநாட்டுப் படிப்புக்கான சம்பளமற்ற விடுமுறைக் கோப்பு நிறுவனத் தலைவர், மாகாணம், அமைச்சு என்று மேசை மேசையாக ஏறி இறங்கும். அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராமல், விண்ணப்பிக்கும்போதே நிறுவனத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

6. ஊசியை இன்றே தொடங்குங்கள்

யாரும் சொல்லித்தராத விஷயம் இது. இரத்தத்தோடு வேலை செய்யப் போகிறீர்கள். தியேட்டருக்குள் விடுமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். வழக்கமான முறையில் அது மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. அதற்கு மேல் ஒரு மாதமளவில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று இரத்தப் பரிசோதனை. ஆக ஏழு மாதம். இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் முடியாது. தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான் ஆகியவற்றுக்கும் ஆதாரம் கேட்கலாம். சிறுவயதுத் தடுப்பூசி அட்டையை அம்மாவின் அலுமாரியில் தேடி எடுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. சிவப்பு நிறத்தில் கடும், இளம் வித்தியாசம் பிடிபடாதவர்களைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை. நிறப்பார்வையில் சந்தேகமிருந்தால் கண் டொக்டரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

7. ஆங்கிலப் பரீட்சை

ஐயெல்ட்ஸ் அல்லது டோஃபல். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். ஆகவே மற்றக் கடதாசிகள் பாதி தயாரான பிறகு எழுதுங்கள். மொத்தப் புள்ளியோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சம் இருக்கும். நம்மவர்கள் எழுத்துப் பகுதியில்தான் அரைப் புள்ளியால் தவறுகிறார்கள். அதற்கு மட்டும் ஓர் ஆசிரியரைப் பிடித்தாலே போதும்.

8. காசு

அமெரிக்காவில் படிப்புக் கட்டணம் மட்டும் பல இடங்களில் இரண்டு வருடத்துக்கு 50,000 டொலரைத் தாண்டும். இருப்பிடமும் சாப்பாடும் வேறு. முதல் வருடச் செலவு முழுவதற்கும் கணக்கில் பணம் காட்டினால்தான் கல்லூரி வீசாப் படிவம் தரும். அதற்கு மேல் மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், வீசாவுக்கு 185 டொலர். பயிற்சி ஆஸ்பத்திரி வேறு மாநிலத்தில் கிடைத்தால் அங்கே வீடு எடுக்கும் செலவு உங்களுடையது. கட்டண அட்டவணையில் அது இருக்காது. பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்ற கணக்கை விடுங்கள், காலை ஐந்தரைக்கே தியேட்டருக்குப் போகிறவருக்கு எங்கே நேரம்?

இந்தியாவுக்கு என்றால் புலமைப்பரிசில் என்ற ஆசை வரும். இந்திய உயர்ஸ்தானிகராலயம் இலங்கையருக்கு அறிவிக்கும் நேரு, மௌலானா ஆசாத் திட்டங்கள் நல்லவை. ஆனால் நான் பார்த்த அறிவித்தல்களில் மருத்துவமும் துணை மருத்துவமும் விலக்கப்பட்டிருந்தன. அறிவித்தலின் கடைசிப் பந்தியைப் படிக்காமல் அதற்காக ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள். தனியார் நிறுவனங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு. இணையதளத்தில் தெரிவது பெரும்பாலும் உள்நாட்டவருக்கானது. மொத்தத் தொகை, விடுதி, பரீட்சைக் கட்டணம், திரும்பப்பெறும் வைப்பு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணத்தை முகவரின் கணக்குக்கு அனுப்பவே வேண்டாம். வங்கியில் மாணவர் கோப்புத் திறந்து, அனுமதிக் கடிதத்தைக் காட்டி, நிறுவனத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்புங்கள். கொஞ்சக் கடதாசி வேலை கூடும், ஆனால் பிரச்சினை வந்தால் கையில் பற்றுச்சீட்டு இருக்கும். கோப்புத் திறக்கும் கிளையில் அதைச் செய்து பழகியவர் இருக்கிறாரா என்று முதலே கேளுங்கள். திருகோணமலையில் சில கிளைகளில் கொழும்புக்கு அனுப்பிக் காத்திருக்க வைப்பார்கள்.

அமெரிக்கப் படிப்புக்கு, வகுப்புத் தொடங்கும் மாதத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே ஊசியும் பெயர்த் திருத்தமும் தொடங்க வேண்டும், ஒரு வருடம் முன்பே விண்ணப்பம் போக வேண்டும். இந்தியாவுக்கு இதில் பாதிக் காலம் போதும்.

9. வீசாவும் போய்ச்சேர்ந்த முதல் வாரங்களும்

அமெரிக்க வீசாவுக்கு நேர்முகம் கொழும்பில். "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால், நீங்கள் பார்த்த கேஸைச் சொல்லுங்கள். மனப்பாடப் பதில் உடனே தெரிந்துவிடும். இந்திய மாணவர் வீசாவுக்கு யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு நிலையங்களில் கொடுக்கலாம். அனுமதிக் கடிதத்தில் பாடநெறியின் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் கட்டாயம் இருக்க வேண்டும், முடிவுத் திகதி இல்லாவிட்டால் வீசாவைக் குறைந்த காலத்துக்கே தருவார்கள்.

இந்தியாவில் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விடுதியின் கடிதம் அதற்குத் தேவை, முதல் நாளே கேளுங்கள். பிந்தினால் தண்டம்.

பயிற்சி தொடங்கியதும் உங்கள் கேஸ் பதிவேட்டை நீங்களே வைத்திருங்கள். திகதி, சத்திரசிகிச்சையின் வகை, பம்பில் இருந்த நிமிடங்கள், பெருநாடியைக் கவ்வி வைத்திருந்த நிமிடங்கள், நீங்கள் செய்தது என்ன, மேற்பார்த்தவரின் கையொப்பம். நோயாளியின் பெயர் எழுதக்கூடாது. கையொப்பத்தை அன்றன்றே வாங்குங்கள். மேற்பார்வையாளர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டால், பின்னாளில் சான்றுப் பரீட்சைக்கோ வளைகுடா உரிமத்துக்கோ அந்தக் கேஸ்களை யாரும் எண்ண மாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து ஊரிலுள்ள யாருக்காவது அனுப்பி வையுங்கள்.